சூசன் கிளாஸ்பெல் அம்மையார்

சிறியனவென்று ஒதுக்கப்படும் பொருள்களிலே சிலவேளை பெரிய உண்மைகள் மறைந்து கிடக்கும். இதனைத் தம் எழுத்தால் விளக்கியவர் அமெரிக்க ஆசிரியையாகிய சூசன் கிளாஸ்பெல் அம்மையார். இவர் 1876-ஆம் ஆண்டில், மிஸிஸிப்பி ஆற்றங்கரையிலுள்ள டாவன்போர்ட் நகரில் பிறந்தார். டிரேக் சர்வகலாசாலையில் 1899-இல் பட்டம் பெற்று, டிமாயின் நகரத்துப் பத்திரிகையொன்றில் நிருபரானார்.

1900 டிசம்பரில் அயோவா மாகாணத்தில் ஜான் ஹாஸக் என்னும் குடியானவர் நள்ளிரவில் கோடரியால் வெட்டுண்டு மாண்டார். அருகிற் படுத்திருந்த மனைவி மார்கரெட், தாம் உறங்கிவிட்டதாகவும் கொன்றவரைக் காணவில்லையென்றும் கூறினார். நம் இளம் நிருபரின் முதற் செய்திகள் அவ்வம்மையை ஈரமற்ற நெஞ்சினராகவே காட்டின. கலங்காத பெண் கொடியவளே என்னும் பொதுவெண்ணத்திற்கு அவரும் அப்போது விலக்கல்லர். பின்னர் அப்பண்ணை வீட்டை நேரிற் கண்டுவந்தபின் அவர் எழுத்தில் இரக்கம் புகுந்தது. 1901-இல் ஆடவரே நிறைந்த ஜூரி மார்கரெட்டைக் குற்றவாளியென்றது, ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. மேல்மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. 1903-இல் மறுவிசாரணை செய்த ஜூரிகள் ஒருமனப்படாமையால் அவர் விடுதலையடைந்தார்.

அம்மையாரோ 1901-இலேயே பத்திரிகைப் பணியை விடுத்துக் கதை புனையலானார். 1913-இல் ஜார்ஜ் கிராம் குக் என்பாரை மணந்தார். 1915-இல் இருவரும் நண்பரோடு பிராவின்ஸ்டவுன் என்னும் கடற்கரையூரில் ஒரு நாடகக் குழுவைத் தோற்றுவித்தனர். யூஜீன் ஓநீலின் நாடகம் முதன்முதல் அரங்கேறியதும் அக்குழுவினாலேயே. பழைய வழக்கை மறவாத அம்மையார், 1916-இல் அதனை ஓரங்க நாடகமாக்கித் தாமே அதில் நடித்தார். 1917-இல் அதனையே சிறுகதையாகவும் வடித்தார்.

அக்கதையில் கணவன் கழுத்திற் கயிறிட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். மனைவி மின்னி சிறையிலிருக்கிறாள். கொலைக்குக் காரணந்தேடி அதிகாரிகள் மாடியையும் களஞ்சியத்தையும் துருவுகின்றனர். அடுக்களையிற் பெண்களுக்குரிய அற்பப் பொருள்களே உள்ளனவென நகைத்து அகல்கின்றனர். அங்கே காத்திருக்கும் இரு பெண்களோ, திடீரெனக் கோணிய தையலையும், கதவுடைந்த கூண்டினையும், தையற்பெட்டியுள் பட்டுத்துணியிற் பொதிந்த, கழுத்து முறிக்கப்பட்ட கானரிப் பறவையினையும் காண்கின்றனர். கன்னிப்பருவத்தில் இனிது பாடிய மின்னி, மணந்தபின் தன் குரலையே இழந்தவள் என்பது அவர்களுக்குப் புலனாகிறது. ஷெரிப்பின் மனைவியாதலின் சட்டத்தின் பக்கமே நிற்பாளென ஆடவர் நம்பிய பெண்ணும், அண்டையிலிருந்தும் மின்னியைப் போய்ப் பாராத தன் குற்றத்தை நொந்துகொள்ளும் பெண்ணும் சேர்ந்து அச்சான்றினை மறைத்துவிடுகின்றனர்.

அவர்கள் செய்தது நீதியோ? கொலையைப் பொறுத்தல் எளிதன்று. சான்றினை ஒளித்தலும் பிழையே. ஆயினும், பெண்கள் ஜூரியில் அமர இடமில்லாத காலத்தில், அவளது துயரை அறியவல்லார் எவரும் அம்மன்றத்தில் இல்லையே! ஆசிரியை விடையினைக் கூறாது, அச்சுமையை நம் நெஞ்சிலே வைத்துச் செல்கின்றார்.

1931-இல் மற்றொரு நாடகத்திற்காகப் புலிட்ஸர் பரிசு பெற்ற அம்மையார் 1948-இல் பிராவின்ஸ்டவுனிலே காலமானார். சிலகாலம் மறக்கப்பட்டிருந்த இக்கதை 1970-களில் மீண்டும் ஒளிபெற்றது. ஒருகாற் புறத்தே நின்று ஒரு பெண்ணைக் கல்நெஞ்சினளென எழுதிய கை, பதினாறாண்டுகட்குப்பின் அடுக்களையினுள்ளிருந்து அவ்வழக்கைத் திருப்பியெழுதிற்று. தம் முதற் கணிப்பைத் திருத்திக்கொள்ள அஞ்சாத அந்நேர்மையே அவர் வாழ்வில் நாம் கற்கத்தக்கது.