ஊர்ப்பெயர் ஆய்ந்த சொல்லின் செல்வர்

தண்பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையிலே, இராசவல்லிபுரம் என்னும் சிற்றூரில், 1896ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் பிறவிப்பெருமாள் பிள்ளைக்கும் சொர்ணம்மாளுக்கும் மைந்தராகத் தோன்றியவர் ரா. பி. சேதுப்பிள்ளை. பாளையங்கோட்டையிலும் நெல்லையிலும் பயின்று, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பட்டம் பெற்று, சட்டமும் கற்று, நெல்லை திரும்பி வழக்கறிஞரானார்.

வழக்கு மன்றிலே பொருளீட்டும் வாய்ப்பிருந்தும் அன்னாரின் உள்ளம் தமிழையே நாடியது. நெல்லை நகரமன்றத் துணைத்தலைவராய் இருந்த காலத்தில், பிழைபட வழங்கிய தெருப்பெயர்களைத் திருத்தி, உண்மைப் பெயர்களை நிலைபெறச் செய்தார். பின்னர் எழுந்த பெருநூலுக்கு அதுவே வித்தெனலாம். 1930இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப்பணி ஏற்றார்.

1946இல் வெளிவந்தது அவரது ‘தமிழகம் ஊரும் பேரும்’. மலை, காடு, வயல், கடற்கரை ஆகியவற்றாலும், மன்னராலும், கோயிலாலும் ஊர்கள் பெயர்பெற்ற வரலாற்றை அந்நூல் விரித்துரைக்கின்றது. செவிவழிக் கதையோடு அவர் அமைந்துவிடவில்லை. வழக்கறிஞர் சாட்சி தேடுவதுபோலக் கல்வெட்டிலும் இலக்கியத்திலும் சான்று தேடினார்.

இவ்வாய்வினால் வரும் பயன் யாது? தேவாரம் ஓதும் பிள்ளை திருமுதுகுன்றம் என்று பாடுகிறான். அவ்வூரோ இன்று விருத்தாசலம். திருமறைக்காடு என்கிறான், அது வேதாரணியமாய் வழங்குகின்றது. பழம்பெயரைப் பிறமொழியிற் பெயர்த்தமையால் வந்த மாற்றம் இது. இத்தொடர்பை எடுத்துக்காட்டுவார் இல்லையேல், நாள்தோறும் பாடும் தலத்தின் வாயிலில் நின்றும் அதனை அறியாதவனாவான். பெயர் மறைந்தால் ஊரின் வரலாறும் உடன் மறையும்.

‘தமிழின்பம்’ என்னும் நூலுக்காக 1955ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தமிழுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. தருமபுர ஆதீனம் வழங்கிய ‘சொல்லின் செல்வர்’ என்னும் பட்டமே அன்னாரின் பெயராய் நிலைத்தது. 1961ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் அவர் மறைந்தார். தேவாரம் பாடிய மயிலாடுதுறை, மாயூரம் என்றும் மாயவரம் என்றும் திரிந்து, 1982இலேதான் தன் பழம்பெயரை அரசு வழக்கில் மீண்டும் பெற்றது. அதைக் காண அவர் இருந்திலர்.

இளைஞர்களே! உங்கள் ஊருக்கும், குளத்துக்கும், வயலுக்கும் பெயர் வந்த காரணத்தை முதியோரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். பழைய உறுதியோடும் ஏட்டோடும் அதனை ஒப்புநோக்குங்கள். முதியோர்களே! கேட்குமுன்னரே சொல்லி வையுங்கள். அப்பெரியார்க்கு நாம் செய்யத்தக்க நன்றி இதுவேயாகும்.