ஈப்போ பையன், இந்தியாவின் தூதர்

ஈப்போ திடலுக்கு எதிரே நிக்கிற செயின்ட் மைக்கேல் பள்ளியை நம்மில் பலர் தினமும் பார்த்துக்கிட்டே போறோம். அங்கே படிச்ச ஒருத்தர் பின்னாளில் இந்தியாவின் பிரதிநிதியாகி, அதே மலாயாவுக்கே வந்து உட்கார்ந்தார். அவர் ஜான் அலோசியஸ் திவி. ம.இ.கா.வின் முதல் தலைவர் யார் என்ற புதிர்ப்போட்டிக் கேள்விக்கு மட்டும்தான் அவர் பெயர் நமக்கு ஞாபகம் வரும். மீதிக் கதைதான் முக்கியம், தம்பி தங்கைகளே.

பிறந்தது 1904ல். வசதியான குடும்பம். சட்டம் படிக்க லண்டன் போனார். 1931ல் வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தி லண்டன் வந்தபோது திவியும் அங்கேதான் இருந்தார். அந்தச் சந்திப்பு அவரை மாத்திடுச்சு. வக்கீலாகத் திரும்பியவரின் மனசு இந்திய விடுதலைப் பக்கம் போயிருந்தது.

1943ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அதன் ஆலோசகர்களில் ஒருவர் திவி. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க: கையில் பெரிசா நிலம் இல்லாத ஓர் அரசு, பிரிட்டன் மேலும் அமெரிக்கா மேலும் போர் அறிவிக்குது. ஜப்பானும் ஜெர்மனியும் அங்கீகரிச்சதால்தான் அது அரசு. 1945 ஆகஸ்டில் ஜப்பான் விழுந்ததும் அரசும் இல்லை. திவிக்குக் கிடைத்தது சாங்கி சிறை.

வெளியே வந்தவர் சும்மா இருக்கல. 1946 மார்ச்சில் நேரு மலாயா வந்து போனார். ஆகஸ்டில் கோலாலம்பூரில் ம.இ.கா. பிறந்தது, திவி தலைவரானார். அவர் கிறிஸ்தவர். இந்துக்களே அதிகமான சமூகம் அவரைத் தலைவராக ஏத்துக்கிட்டது. அன்னிக்கு அது யாருக்கும் பெரிய விஷயமா படலை.

அன்றைய பெரிய பிரச்சினை குடியுரிமை. லயத்தில் இருந்தவங்க எந்த நாட்டுக்காரங்க? பிறந்த இடம் தஞ்சாவூர், பால் வெட்டுறது பேராக்கில், ஆளுறது வெள்ளைக்காரன். 1946ன் மலாயன் யூனியன் குடியுரிமையைத் தாராளமாகத் தர இருந்தது. 1948 பிப்ரவரி 1ல் வந்த மலாயாக் கூட்டமைப்பு அந்த வாசலைச் சுருக்கிடுச்சு. ஆனா அதுக்குள் திவியின் நாற்காலி மாறியிருந்தது. 1947ல் இந்தியா விடுதலை பெற்றதும், அவர் ம.இ.கா. தலைமையை விட்டுட்டு மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியானார். மலாயா இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் 'தூதர்' என்ற பட்டம் கிடையாது. பிரதிநிதி கேட்கலாம், எழுதலாம். முடிவு எடுக்கிறவன் வெள்ளைக்காரன்தான்.

1948 ஜூன் 16ஆம் தேதி நம்ம சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் ஒருவர் எல்பில் தோட்டத்தில். அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச்சில் துப்பாக்கியோடு பிடிபட்டார். தூக்குத் தண்டனை.

கணபதியும் ஐ.என்.ஏ.வில் இருந்தவர். ஒரே போஸின் கொடியின் கீழ் நின்ற இரண்டு பேரில் ஒருவர் புடு சிறையில், இன்னொருவர் இந்தியப் பிரதிநிதியின் மேசையில்.

தூக்கை நிறுத்தச் சொல்லி இந்தியா கேட்டது. காலத்தைக் கவனிங்க: 1949 ஏப்ரல் 28ல்தான், குடியரசானாலும் காமன்வெல்த்தில் இருப்போம்னு இந்தியா லண்டனில் ஒப்புக்கொண்டது. பிரிட்டனுக்கு அது பெரிய உதவி. பதிலுக்கு ஓர் உயிரையாவது விட்டுக்கொடுப்பாங்கன்னு நாம நினைப்போம். ஆறே நாளில், மே 4ஆம் தேதி, கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதே மாதிரி மரண தண்டனை பெற்ற சம்பாசிவம் மட்டும் பிழைத்தார். 1950ல் லண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டில் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. அரசாங்கத்தின் வேண்டுகோளுக்கு இறங்காதது, ஒரு வக்கீலின் வாதத்துக்கு இறங்கியது.

திவி போதுமான அளவு போராடலைன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. அவர் பேசியது நேருவின் அரசுக்காக. வெளிநாட்டு இந்தியர்கள் தாங்கள் வாழும் நாட்டுக்கு விசுவாசமா இருக்கணும்ங்கிறதுதான் நேருவின் கொள்கை. நியாயமான கொள்கைதான். ஆனா அந்த நாடு இன்னும் நம்மை ஏத்துக்காத வருஷங்களில் அது லயத்துக்காரனை நடுவில் நிக்க வெச்சது. திவிக்கு இது தெரியாம இருந்திருக்காது. ம.இ.கா. மேடையில் அவரே பேசின பிரச்சினை இது.

பின்னர் இந்தியா அவரை ஐரோப்பாவில் தூதராக அனுப்பியது. 1957ல் இங்கே மெர்டேக்கா கொடி ஏறியபோது, கட்சியைத் தொடங்கியவர் இன்னொரு நாட்டின் அதிகாரி. 1959ல் காலமானார்.

எங்க வீட்டுப் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்திலேயே வாழ்ந்து முடிச்சவங்க. கடைசி வரை கையில் சிவப்பு அடையாள அட்டைதான். அலமாரியில் இன்னும் இருக்கு.