எல்லைகளைக் கணித்த சந்திரசேகர்

தட்டையான சட்டியில் சிறிதளவு எண்ணெயை ஊற்றி இளஞ்சூட்டில் வைத்தால், முதலில் எண்ணெய் அசையாமல் இருக்கும். சூடு ஓர் அளவைத் தாண்டியதும் அதன் மேற்பரப்பில் தேன்கூடு போன்ற சிறு சிறு அறைகள் தோன்றக்கூடும். கெமாஸ் தோட்டப்புற வீடுகளின் அடுப்பிலும் காணக்கூடிய இக்காட்சிக்குப் பின்னால் ஆழ்ந்த இயற்பியல் உள்ளது. அவ்வியற்பியலைக் கணித வழியில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை இரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கம் செய்தவர். அறிவியல் மேதை சர் சி. வி. இராமன் அவருக்குச் சிற்றப்பா முறை.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930இல் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன் ‘வெண்குள்ளன்’ எனப்படும். அதன் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அவர் அக்கடற்பயணத்திலேயே கணக்கிட்டார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகும்.

1935 ஜனவரியில் இலண்டன் கூட்டம் ஒன்றில் அவர் இம்முடிவை விளக்கினார். புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அனைவர் முன்னிலையிலும் அதை எள்ளி நகையாடினார். இளைஞரான சந்திரசேகர் மனம் வருந்தினார். எனினும், தம் கணக்கைக் கைவிடவில்லை. 1937இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம் முடிவுகளை 1939இல் நூலாக வெளியிட்டுவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையை முழுமையாகக் கற்று, நூலெழுதி, அடுத்த துறைக்குச் செல்வதே பின்னர் அவருடைய வழக்கமாயிற்று.

1950களில் அவருடைய கவனம் சூடேறும் திரவங்களின்மீது திரும்பியது. அடியில் சூடான திரவம் இலேசாகி மேலெழ முயலும்; திரவத்தின் பாகுத்தன்மை அதைத் தடுக்கும். வெப்பநிலை வேறுபாடு ஓர் எல்லையைக் கடந்த பிறகே ஓட்டம் தொடங்கும். பிரெஞ்சு அறிஞர் பெனார், மெல்லிய படலங்களில் அறுகோண அறைகளை 1900இல் கண்டிருந்தார். அத்தகைய மிக மெல்லிய படலங்களில் பரப்பு இழுவிசையே முதன்மைக் காரணம் என்பது பின்னர்த் தெரியவந்தது. சூடான இடத்தில் பரப்பு இழுவிசை குறைவதால், குளிர்ந்த பகுதி திரவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

சந்திரசேகரோ விண்மீன்களை மனத்திற்கொண்டு இன்னொரு வினாவை எழுப்பினார். சூடேறும் திரவம் சுழன்றால், அல்லது காந்தப்புலத்தில் இருந்தால் என்ன ஆகும்? இரண்டுமே ஓட்டம் தொடங்குவதைத் தாமதப்படுத்தும் என அவர் கணக்கிட்டார். சிகாகோவில் பாதரசத்தைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனைகள் அவருடைய கணக்கை உறுதிப்படுத்தின. 1961இல் அவர் இத்துறை பற்றி எழுதிய பெருநூல் இன்றும் ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கிறது.

எள்ளி நகையாடப்பட்ட விண்மீன் ஆய்வும் காலப்போக்கில் ஏற்கப்பட்டது. 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு சந்திரசேகருக்கும் வில்லியம் ஃபவுலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1995இல் சந்திரசேகர் மறைந்தார். நான்காண்டுகளுக்குப் பின் விண்ணில் ஏவப்பட்ட தொலைநோக்கி ஒன்று ‘சந்திரா’ என அவர் பெயரைத் தாங்கியுள்ளது. ஏளனத்திற்கு அவர் உழைப்பால் விடை சொன்னார். அவ்விடை ஏற்கப்படும்வரை பொறுமையுடன் காத்திருந்தார்.