கீரைச் சத்தும் டாக்டர் சுப்பாராவும்



முழு உடல் பரிசோதனை செய்துகொண்ட சிலரின் ரிப்போர்ட்டில் 'ஹோமோசிஸ்டீன்' என்று ஒரு வரி இருக்கும். அது அதிகமாக இருந்தால் டாக்டர் பெரும்பாலும் ஃபோலிக் ஆசிட், பி12 மாத்திரை எழுதித் தருவார். அந்த ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் நம் திருவல்லிக்கேணியில் படித்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. ராமகிருஷ்ண மடத்தில் துறவியாக ஆசைப்பட்டார், அம்மா சம்மதிக்கவில்லை. சேவை செய்ய மருத்துவமும் ஒரு வழிதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாமனார் பண உதவி செய்தார். கதர் அங்கி அணிந்ததில் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதற்கு ஒருபடி கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது.

இதற்கிடையில் வீட்டில் பேரிடி. 'ஸ்ப்ரூ' என்ற நோயில் சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. பேதியும் சோகையும் ஆளை உருக்கிவிடும். சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அதற்குப் பலியானார்கள். இவரையும் அது பிடித்தது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

பிறகு மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா போனார். திரும்பி வரவே இல்லை. ஹார்வர்டில் படித்தபோது ஆஸ்பத்திரியில் கூலி வேலை செய்து செலவைச் சமாளித்தார். பேராசிரியர் ஃபிஸ்குடன் சேர்ந்து, தசைக்குச் சக்தி தரும் பொருள்களை 1927-லும் 1929-லும் கண்டறிந்தார். ஆனாலும் அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் ஆசிட்டைத் தயாரித்தது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கே அது மருந்தானது. 1948 ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

சரி, ஹோமோசிஸ்டீனுக்கு வருவோம். நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து உடம்புக்குள் உருவாகும் அமினோ அமிலம் இது. ரத்தக்குழாயின் உள்சுவர், ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தயாரிக்கிறது. அதனால்தான் குழாய் தளர்ந்து விரிகிறது. ஹோமோசிஸ்டீன் மிகுந்தால் இந்த வாயு குறைந்து, குழாய் சரியாகத் தளராது. ஃபோலிக் ஆசிட்டும் பி12-ம் சேர்ந்து ஹோமோசிஸ்டீனை வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன.

ஆனால் மாத்திரையால் ஹோமோசிஸ்டீன் குறைந்தாலும் மாரடைப்பு குறையவில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டின. எனவே நீங்களாகவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். சைவ உணவுக்காரர்களுக்கும் முதியோருக்கும் பி12 குறைவு சகஜம். ஃபோலிக் ஆசிட்டை மட்டும் சாப்பிட்டால் சோகை சரியாகி, உள்ளே நரம்பு பாதிப்பது வெளியே தெரியாமல் போகலாம். முதலில் பி12 பார்த்துக்கொள்ளுங்கள்.

கீரைக்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். சுப்பாராவ் தயாரித்த அந்தச் சத்தின் இயற்கை வடிவம் அதில்தான் இறங்கியிருக்கிறது.