கல்விக்கோயில் எழுப்பிய வங்கப் புலி

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அன்றைய வழக்குகள் முடிந்தபின், பருத்த உடலும் அடர்ந்த மீசையும் கொண்ட நீதிபதி ஒருவரின் வண்டி வீட்டை நோக்கிச் செல்லாது. கல்லூரித் தெருவில் உயர்ந்த தூண்களுடன் நின்றிருந்த பல்கலைக்கழகப் பேரவை மண்டபத்தை நோக்கித் திரும்பும். அங்கே கோப்புகள் காத்திருக்கும். வேலை கேட்டு வந்த இளைஞர்கள் காத்திருப்பார்கள். பாடத்திட்டக் குழுவினர் காத்திருப்பார்கள். பகல் முழுவதும் நீதி வழங்கிய மனிதர், மாலையில் துணைவேந்தராக அமர்ந்து அத்தனையையும் பார்த்து முடிப்பார். துணைவேந்தர் பதவிக்கு அந்நாளில் ஊதியம் கிடையாது. அப்படி உழைத்தவர் சர் அசுதோஷ் முகர்ஜி.

1864 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தவர் அசுதோஷ். தந்தை கங்காபிரசாத் ஒரு மருத்துவர். தாய் ஜகத்தாரிணி தேவி. பிரசிடென்சி கல்லூரியில் படித்த அவர் 1885-இல் கணிதத்திலும் மறு ஆண்டே இயற்பியலிலும் முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே அவருடைய கணிதக் கட்டுரைகள் இங்கிலாந்து இதழ்களில் வெளிவந்தன. கணித ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் ஆராய்ச்சி செய்யும் இந்தியருக்கு இடமளிக்க அன்றைய பல்கலைக்கழகத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. வேறு வழியின்றிச் சட்டம் படித்தார், வழக்கறிஞரானார், 1904-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். தமக்குக் கிடைக்காத அந்த இடத்தைப் பின்வரும் தலைமுறைக்கு உண்டாக்கித் தருவதே அவர் வாழ்வின் பெரும்பணி ஆயிற்று.

தேர்வு நடத்தும் அலுவலகம்

1857-இல் தோன்றிய கல்கத்தாப் பல்கலைக்கழகம் அரை நூற்றாண்டு காலம் பாடம் நடத்தியதே இல்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. 1904-இல் வைஸ்ராய் கர்ஸன் பிரபு கொண்டுவந்த பல்கலைக்கழகச் சட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்கலாம், ஆய்வு நடத்தலாம் என்று அது அனுமதித்தது. அதே சட்டம் பேரவை உறுப்பினர்களில் பெரும்பாலோரை நியமிக்கும் உரிமையை அரசின் கையில் கொடுத்து, கல்வியைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது. கோகலே அதைக் கடுமையாக எதிர்த்தார். நாட்டுப்பற்று மிக்க பலர் அதை அடிமைச் சாசனமாகவே கருதினர்.

1906-இல் அசுதோஷ் துணைவேந்தரானார். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. அரசுப் பல்கலைக்கழகத்தைப் புறக்கணித்துத் தேசியக் கல்விக் கழகம் ஒன்றை வங்கத் தலைவர்கள் அதே ஆண்டில் தொடங்கினர். அசுதோஷ் அவர்களோடு சேரவில்லை. சிலர் அவரை அரசின் ஆள் என்றும் பேசினர். அவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கட்டுப்படுத்துவதற்காக இயற்றப்பட்ட சட்டத்தில், கற்பிக்கவும் ஆராயவும் அனுமதி தரும் பிரிவு ஒன்று இருந்ததல்லவா? அதைப் பற்றிக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார்.

இரண்டிரண்டு ஆண்டுகளாக நான்கு முறை, 1914 வரை, தொடர்ந்து அப்பதவியில் இருந்தார். 1909-இல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி திறக்கப்பட்டது. பொருளியல், தத்துவம், உயர் கணிதம், பண்டைய இந்திய வரலாறு ஆகியவற்றுக்குத் தனிப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. பாலி, திபெத்திய மொழி போன்று வேறெங்கும் கேட்பாரற்றுக் கிடந்த துறைகளுக்கும் ஆசிரியர்கள் கிடைத்தனர். தாய்மொழிக்காக அவர் நடத்திய போராட்டம் இவற்றைவிட நீண்டது. இந்திய மொழிகளைப் பல்கலைக்கழகத் தேர்வுகளில் சேர்க்க வேண்டும் என்று 1891-இல் இளம் உறுப்பினராக அவர் கொண்டுவந்த தீர்மானம் பேரவையினரால் தோற்கடிக்கப்பட்டது. துணைவேந்தரானபின் தாய்மொழியில் கட்டுரை எழுதுவதைத் தேர்வுகளில் கட்டாயமாக்கினார். 1919-இல் இந்திய மொழிகளில் முதுகலைப் படிப்பே வந்தது. அப்படிப்பில் சேரும் மாணவர் தம் மொழியோடு வேறொரு இந்திய மொழியையும் கற்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. தோற்ற தீர்மானம் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் இப்படி வென்றது.

இரு வழக்கறிஞர்களின் கொடை

அறிவியல் கல்லூரி ஒன்று எழுப்ப வேண்டும் என்ற அவருடைய திட்டத்துக்கு அரசிடமிருந்து பணம் கிட்டவில்லை. அப்போது முன்வந்தவர்கள் தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரு புகழ்பெற்ற வழக்கறிஞர்கள். 1912-இல் பாலித் நிலமும் பணமுமாக ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை எழுதிவைத்தார். மறு ஆண்டு கோஷ் 10 லட்சம் ரூபாய் வழங்கினார். இருவருமே தேசியக் கல்வி இயக்கத்தின் தூண்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றாக வேறொன்றைக் கட்ட முனைந்தவர்களே அசுதோஷின் கைகளில் தம் வாழ்நாள் ஈட்டலை ஒப்படைத்தார்கள் என்றால், அவர்மீது அவர்கள் வைத்த நம்பிக்கை எத்தகையது என்பது விளங்கும். தம் கொடையில் ஏற்படும் பேராசிரியர் பதவிகளில் இந்தியரையே அமர்த்த வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை.

1914 மார்ச் 27 அன்று மேல் வட்டச் சாலையில் பாலித் அளித்த நிலத்தில் அறிவியல் கல்லூரிக்கு அசுதோஷ் அடிக்கல் நாட்டினார். அவருடைய பதவிக்காலம் முடியச் சில நாட்களே இருந்தன. அது நீட்டிக்கப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், அரசியல் ஈடுபாடு உடையவர்கள் என்று காரணம் காட்டி அப்துல் ரசூல், அப்துல்லா சுஹ்ரவர்தி, கே. பி. ஜெயஸ்வால் ஆகிய மூன்று விரிவுரையாளர்களின் நியமனத்தை அரசு ஏற்க மறுத்தது. பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தவர்களை அரசு தள்ளுவதை அசுதோஷ் வெளிப்படையாகக் கண்டித்திருந்தார்.

பதவி போனாலும் பணி போகவில்லை. பேரவையில் அவர் சொல்லே முதன்மை பெற்றது. 1917-இல் முதுகலைக் கல்வி முழுவதும் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்பில் வந்தபோது, அதற்கான மன்றங்களின் தலைவராக அவரே அமர்ந்தார்.

ஆள் தேடிய கண்

கட்டிடங்களைவிட மனிதர்களைத் தேடிப் பிடிப்பதில்தான் அசுதோஷின் மேதைமை வெளிப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் அப்போது கல்கத்தாவில் அரசின் நிதித் துறை அதிகாரி. அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவர் சோதனைகள் செய்துவந்தார். பாலித் இயற்பியல் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க அசுதோஷ் விரும்பினார். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. கற்றுக்கொள்வதற்காக வெளிநாடு செல்ல ராமன் மறுத்தார். மனிதருக்காக விதியைத் தளர்த்தினார் அசுதோஷ். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று தெரிந்தும் 1917-இல் ராமன் அரசுப் பணியைத் துறந்து வந்தார். வேதியியலுக்கு ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் முந்தைய ஆண்டே வந்திருந்தார்.

மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ் என்ற இரு இளைஞர்களும் 1916-இல் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தனர். முதுகலை முடித்து ஓராண்டே ஆகியிருந்த அவர்கள், புதிய இயற்பியலைத் தாங்களே கற்றுக்கொண்டு கற்பித்தார்கள். உலகப் போரால் ஐரோப்பிய நூல்கள் வருவது அரிதாகியிருந்தது. கிடைத்த ஜெர்மன் நூல்களை அம்மொழி பயின்று படித்தார்கள். ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்ததைக் கல்கத்தாப் பல்கலைக்கழகமே 1920-இல் நூலாக வெளியிட்டது. விண்மீன்களின் ஒளிமாலையைப் படிக்க வழிகாட்டும் சாஹாவின் அயனியாக்கச் சமன்பாடும் அதே ஆண்டில் பிறந்தது. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் ராமனிடம் பயில வேண்டும் என்று கல்கத்தா சென்று சேர்ந்ததும் 1920-இல்தான்.

1921-இல் நாடெங்கும் ஒத்துழையாமை இயக்கம் பரவி, மாணவர்கள் கல்லூரிகளைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரத்தில் அசுதோஷ் மீண்டும் துணைவேந்தரானார். கல்விக்கூடத்தைக் காலி செய்வதில் அவருக்கு உடன்பாடு இல்லை. அந்த மாறுபாட்டை அவர் மறைக்கவும் இல்லை. தத்துவப் பேராசிரியர் பதவிக்கு மைசூரிலிருந்து முப்பத்திரண்டு வயது ராதாகிருஷ்ணனை அழைத்துவந்தார். இந்தியக் கலைக்கென ஏற்பட்ட பாகேசுவரி பேராசிரியர் பதவியில் ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் அமர்ந்தார். மாகாணம், மொழி, மதம் எதுவும் அவருடைய தேர்வில் குறுக்கிடவில்லை என்பதற்கு அன்றைய ஆசிரியர் பட்டியலே சான்று.

குறை கூறியவர்களும் இருந்தார்கள். தேர்வுக் கட்டணமே பல்கலைக்கழகத்தின் பெரிய வருவாயாக இருந்ததால் தேர்ச்சி எளிதாக்கப்படுகிறது, வருவாயை மிஞ்சித் துறைகள் பெருகுகின்றன, எல்லா அதிகாரமும் ஒருவர் கையில் குவிகிறது என்று வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் போன்றோர் கடுமையாக எழுதினார்கள். அவற்றை முற்றிலும் பொய் என்று தள்ள முடியாது. அசுதோஷ் தம் விருப்பத்தைப் பேரவையில் நிறைவேற்றிக்கொள்ளத் தெரிந்தவர்; கணக்கைவிடக் கனவை முன்னே வைத்தவர். பணம் வரும்வரை காத்திருந்திருந்தால் அறிவியல் கல்லூரியே எழுந்திராது என்பதும் உண்மை.

விலைபோகாத உரிமை

அந்தக் கடன்சுமைதான் அவரைப் பெரும் சோதனைக்கு உள்ளாக்கியது. 1922-இல் முதுகலை ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே முடியாத நிலை வந்தது. வங்காள அரசு 2½ லட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் செலவையும் வளர்ச்சியையும் அரசின் கண்காணிப்பில் வைக்கும் நிபந்தனைகளை அத்துடன் இணைத்தது. பசித்த ஆசிரியர்கள் ஒரு பக்கம், கைக்கு எட்டும் பணம் மறுபக்கம். பேரவையில் எழுந்து பேசிய அசுதோஷ், சுதந்திரத்தை விட்டுக்கொடுத்துப் பெறும் பணத்தை ஏற்பதைவிட வறுமையில் கிடப்பதே மேல் என்ற கருத்தை நெருப்பாக முழங்கினார். வீடு வீடாகச் சென்று கையேந்தவும் தாம் ஆயத்தம் என்றார். அந்த நிபந்தனைகளைப் பேரவை ஏற்கவில்லை.

அவருடைய அஞ்சாமைக்கு முன்பே ஒரு கதை வழங்கிவந்தது. கர்ஸன் பிரபு அவரை இங்கிலாந்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டபோது, கடல் கடந்து செல்வதைத் தம் தாய் விரும்பவில்லை என்று சொல்லி, வைஸ்ராயின் ஆணையைவிட அன்னையின் சொல்லே பெரிது என மறுத்தாராம். வங்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லப்படும் கதை இது.

1923 மார்ச் மாதம், வேந்தராகவும் ஆளுநராகவும் இருந்த லிட்டன் பிரபு அவருக்குக் கடிதம் எழுதினார். அரசை எதிர்ப்பதைக் கைவிட்டு ஒத்துழைப்பதாக உறுதி தந்தால் மீண்டும் துணைவேந்தராக நியமிக்கலாம் என்பது அதன் சாரம். தாம் வளர்த்த பிள்ளையைப் போன்ற பல்கலைக்கழகத்தை விட்டுப் பிரிவது அசுதோஷுக்கு எளிதாக இருந்திருக்காது. இருந்தும் இரண்டே நாளில் அவருடைய பதில் சென்றது. பிறர் சொற்படி நடக்கும் துணைவேந்தர் வேண்டுமானால் வேறு ஒருவரைத் தேடிக்கொள்ளுமாறு அதில் எழுதி, அப்பதவியை ஏற்க மறுத்துவிட்டார். கடிதங்கள் நாளிதழ்களில் வெளிவந்தபோது வங்கமே நிமிர்ந்து பார்த்தது. வங்கப் புலி என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

அதே 1923, அவர் இல்லத்திலும் துயரம் கொண்டுவந்த ஆண்டு. அவருடைய மூத்த மகள் கமலா சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். உறவினரின் எதிர்ப்பையும் சமூகத்தின் ஏச்சையும் பொருட்படுத்தாது 1908-இல், துணைவேந்தராக இருந்தபோதே, அசுதோஷ் அவருக்கு மறுமணம் செய்துவைத்தார். அந்தக் கமலா 1923-இல் மறைந்தார். மகளின் பெயரால் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடக்கத் தந்தை தம் சொந்தப் பணத்திலிருந்து நிதி ஒதுக்கினார். அதன் முதல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் அன்னி பெசண்ட் அம்மையார்.

நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அசுதோஷ் மீண்டும் வழக்கறிஞராகி, டும்ராவ் சமஸ்தான வழக்குக்காகப் பாட்னா சென்றார். அங்கேயே 1924 மே 25 அன்று, அறுபது வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கையில் காலமானார். முதுகலை மன்றங்களின் தலைவர் பொறுப்பு அப்போதும் அவரிடமே இருந்தது.

பத்தாண்டுகள் கழித்து, 1934-இல், அவருடைய மகன் சியாமாபிரசாத் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பவானிப்பூர் இல்லத்தில் மாடியெங்கும் நிறைந்திருந்த அசுதோஷின் நூல்களைக் குடும்பத்தார் 1949-இல் தேசிய நூலகத்துக்கு வழங்கினார்கள். எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த நூல்கள், அங்கே அவர் பெயரிலேயே தனித் தொகுதியாக வைக்கப்பட்டன.