போல் கசுவோ குரோடா (1917 – 2001)

மாணவர்களே, உலகின் முதலாவது அணு உலை 1942 இல் சிக்காகோவில் இயங்கியது எனக் கற்றிருப்பீர்கள். மனிதனுக்கு முன்பே இயற்கை அதனை இயக்கியிருக்கலாம் எனக் கணக்கிட்டுக் கூறியவரே குரோடா.

யப்பானில் பிறந்து, இரசாயனவியல் கற்ற இவர் 1949 இல் அமெரிக்கா சென்றார். தன் நாட்டில் அணுகுண்டு விழுந்து நான்கே ஆண்டுகளில், அதைப் போட்ட நாட்டுக்கே சென்றார் என்பதைக் கவனியுங்கள். அங்கு அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இன்று இயற்கை யுரேனியத்தில், எளிதில் பிளவடையும் யுரேனியம்-235 சமதானி 0.72% மட்டுமே உண்டு. இந்த எண்ணை மறவாதீர்கள், கதையின் முடிச்சு இதில்தான் உள்ளது. இச்சமதானி யுரேனியம்-238 ஐ விட விரைவாகத் தேய்கிறது. எனவே 2000 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அது 3% இற்கும் அதிகமாக இருந்திருக்கும். அக்காலத்தில் செறிந்த யுரேனியப் படிவினுள் நிலத்தடி நீர் புகுந்து நியூத்திரன்களின் வேகத்தைத் தணித்திருந்தால், சங்கிலித் தாக்கம் தானாகவே தொடங்கியிருக்கும். 1956 இல் குரோடா வெளியிட்ட கருத்து இதுவே. ஆனால் சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் அது வெறும் கணக்காகவே இருந்தது.

1972 இல் பிரான்சின் யுரேனிய ஆலையொன்றில், ஆபிரிக்காவின் கபோன் நாட்டு ஒக்லோ சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தைச் சோதித்தனர். 0.7202% இருக்கவேண்டிய இடத்தில் 0.7171% இருந்தது. குறைந்த பங்கு எங்கே போனது? சுரங்கத்தை ஆராய்ந்தபோது கருப்பிளவின் விளைபொருள்கள் அங்கேயே கிடைத்தன. நீர் புகும்போது இயங்கியும், அது கொதித்து ஆவியானதும் அடங்கியும், பல இலட்சம் ஆண்டுகள் அந்த உலை இயங்கியிருந்தது.

அப்போது குரோடாவுக்கு வயது 55. அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார்.