ஆளை அளந்த பெர்ட்டிலான்!

பெயரை மாற்றிச் சொல்லலாம். ஊரை மறைக்கலாம். தாடி வளர்க்கலாம்; தலையை மொட்டையடிக்கலாம். ஆனால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்தை மாற்ற எவனால் முடியும்?

பாரிஸ் நகரத்துப் போலீஸ் அலுவலகத்தின் மூலையொன்றில் உட்கார்ந்து, கைதிகளின் அங்க அடையாளங்களை நாள் முழுதும் பிரதி எடுத்துக் கொண்டிருந்த குமாஸ்தா ஒருவர் உள்ளத்திலே 1879ல் எழுந்த கேள்வி இது. அல்போன்ஸ் பெர்ட்டிலான் அவர் பெயர். அவர் எழுதித் தள்ளிய அடையாளங்கள்தான் என்ன? உயரம் நடுத்தரம், முகம் சாதாரணம் — அவ்வளவே! பாரிசிலே பாதிப் பேருக்குப் பொருந்தும் அடையாளம். காணாமற்போனவரைத் தேடி நம்மூரிலே விளம்பரம் போடும்போது மாநிறம், ஒல்லியான உடல் என்று எழுதுகிறோமே, அதே கதைதான்.

1853ல் பிறந்தவர் பெர்ட்டிலான். பிறந்த வீடோ அறிவுக்கூடம். தாய்வழிப் பாட்டன் மக்கள்தொகை இயலுக்கே பெயர் சூட்டியவர். தந்தை மருத்துவர், புள்ளிவிவர அறிஞர். அண்ணன் ழாக், சாவின் காரணங்களை வகைப்படுத்திப் பட்டியல் தந்தவர். அதன் வழிவந்த பட்டியலைத்தான் இன்றும் உலகத்து மருத்துவமனைகள் கையாளுகின்றன. இப்படிப்பட்ட வீட்டிலே அல்போன்ஸ், பள்ளிக்கூடங்கள் விரட்டிவிட்ட பிள்ளை! இங்கிலாந்து சென்று பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். பட்டாளத்திலே காலம் கழித்தார். கடைசியிலே தந்தையின் செல்வாக்கால் கிடைத்தது அந்தக் குமாஸ்தா வேலை. பள்ளியில் ஒட்டாத அளவுகோலும் புள்ளியும், வீட்டுக் காற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன போலும்.

ஆளுக்கு 11 அளவு எடுக்க வேண்டும் என்றார். உயரம், விரித்த கைகளின் அகலம், உட்கார்ந்த உயரம், தலையின் நீளம், தலையின் அகலம், வலது காது, இடது பாதம், இடது முன்கை, இடது கையின் நடுவிரல், சுண்டுவிரல் — இப்படி. ஏன் இடது? உழைப்பவன் கை அவருக்குத் தெரிந்திருந்தது. வேலை செய்து செய்து மாறுவது பெரும்பாலும் வலது கை. இடது கை அவ்வளவாக மாறாது.

அளந்து சீட்டில் குறித்துவிட்டால் போதுமா? குவிந்து கிடக்கும் சீட்டுகளிலே ஒருவனுடையதைத் தேடி எடுப்பது எப்படி? தலை நீளத்தைக் கொண்டு சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் தலையின் அகலத்தால் மூன்றாக்கினார் — ஆயிற்று 9. நடுவிரலால் பிரித்தார் — 27. பாதத்தால் பிரித்தார் — 81. மேலும் மேலும் பிரிக்கப் பிரிக்க, ஓர் இழுப்பறையில் ஒரு கைப்பிடிச் சீட்டுதான் மிஞ்சும். கைதி என்ன பெயர் சொன்னாலும் சொல்லட்டும். அவன் தலையே அவனைக் காட்டிக் கொடுக்கும்!

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது, தோழர்களே. எது சிறிது, எது பெரிது? அதைச் சொல்ல வேண்டுமானால் முன்னதாக நிறையப் பேரை அளந்திருக்க வேண்டும். மூன்று பங்கும் ஏறத்தாழச் சமமாக வரும்படி எல்லை வகுக்க வேண்டும். அந்த எல்லை, அளக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே உரிய எல்லை. பாரிசின் எல்லையைத் தூக்கிச் சென்று வேறொரு கண்டத்து மக்கள்மீது வைத்தால், ஓர் இழுப்பறை பிதுங்கி வழியும். மற்ற இரண்டும் காற்று வாங்கும்.

திட்டத்தை எழுதி மேலதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி அதைக் கேலிக்கூத்தாக எண்ணி ஒதுக்கினார். பின்னர் புதிய அதிகாரி வந்தார். 1882ன் இறுதியிலே மூன்று மாதத் தவணை தந்தார். மூன்றே மாதத்துக்குள் ஒருவன் பிடிபட்டு, அளக்கப்பட்டு, விடுதலையாகி, வேறு பெயரோடு மறுபடியும் பிடிபட்டாக வேண்டும்! 1883 பிப்ரவரியில் அதுவும் நடந்தது. துய்ப்போன் என்று பெயர் சொன்னவனைச் சீட்டு வேறு ஆள் என்று காட்டியது. மறு ஆண்டில் அகப்பட்டவர்கள் 241 பேர். 1892ல் ரவஷோல் என்ற வெடிகுண்டுக்காரன் யார் என்பதையும் சீட்டுதான் சொன்னது. குமாஸ்தா இப்போது தனித்துறையின் தலைவர். முகத்தை நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போலீசார் எடுக்கும் படமும் அவர் வகுத்த முறைதான்.

புகழ் தலைக்கேறினால் தன் தொழிலுக்கு அப்பாலும் தீர்ப்புச் சொல்லத் தோன்றும். 1894ல் டிரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரிமீது துரோகக் குற்றம் சாட்டினார்கள். கையெழுத்து நிபுணரல்லாத பெர்ட்டிலான் கையெழுத்துக்குச் சாட்சி சொன்னார். டிரைஃபஸ் தம் எழுத்தையே தாம் போலியாக எழுதியதுபோல எழுதிக் கொண்டார் என்று விந்தையான வாதம் வைத்தார். நிரபராதி தீவாந்தரம் போனார். அந்த வாதத்தில் ஒன்றுமில்லை என்று பின்னர் கணித மேதைகள் கூடிச் சொன்னார்கள். 1906ல் டிரைஃபஸ் விடுவிக்கப்பட்டார். பெர்ட்டிலான் வாழ்விலே அழியாத கறை இது.

வேறொரு நாளைச் சொல்ல வேண்டும். 1897 மே 4. பாரிசிலே சீமாட்டிகள் கூடி நடத்திய தருமச் சந்தை. மரக் கொட்டகை, வண்ணம் தீட்டிய துணி. உள்ளே அந்நாளில் புதுமையான சினிமாக் காட்சி. படம் காட்டிய விளக்கிலிருந்து தீ எழுந்தது. 120க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள், அதிலும் பிரபுக் குடும்பத்தினர். உடல்களை வரிசையாகக் கிடத்தினார்கள். மோதிரத்தைக் கண்டு சிலரை, துணியின் மிச்சத்தைக் கண்டு சிலரை உற்றார் அடையாளம் சொன்னார்கள். எஞ்சியோர்? உலகமே வியந்த அளவுச் சீட்டுகள் அதே நகரத்தில்தானே இருந்தன! இருந்தன, ஆனால் அவற்றிலே இருந்தவர்கள் திருடரும் பிச்சைக்காரரும் அகப்பட்ட ஏழைகளும். கோமாட்டியின் காதை அளக்கப் போலீசுக்குத் துணிவேது? அளந்திருந்தாலும் கருகிய உடலோடு எத்தனை அளவு ஒத்துப் போயிருக்கும் என்பது வேறு விஷயம். பராகுவே நாட்டுத் துணைத்தூதர் ஒருவர் சொன்ன யோசனைப்படி பல் மருத்துவர்களை அழைத்தார்கள். ஆஸ்திரியப் பேரரசியின் தங்கையான அலான்சோன் கோமாட்டி, பல்லைக் கொண்டுதான் அடையாளம் காணப்பட்டார். பல் மருத்துவரிடம் போகக் காசிருந்தவர்க்குக் குறிப்பிருந்தது. குறிப்பிருந்தவர்க்குப் பெயர் கிடைத்தது.

சதை போனாலும் எலும்பு பேசும். லியோன் நகரிலே ரொல்லே என்ற மருத்துவர், 50 ஆண்கள், 50 பெண்கள் — ஆக 100 பிணங்களின் உயரத்தையும் கைகால் எலும்புகளையும் அளந்து வைத்தார். 1889ல் அடையாளம் தெரியாமல் அழுகிக் கிடந்த உடலொன்றின் உயரத்தைச் சொல்ல அந்தக் கணக்கு உதவியது. 1899ல் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலக் கணித மேதை, அதே 100 பேரைக் கொண்டு எலும்பிலிருந்து உயரம் காணும் சூத்திரம் எழுதினார். லியோன் நகரத்து 100 பிணங்கள், உலகத்தார் உயரத்துக்கெல்லாம் முழக்கோலாயின!

பெர்ட்டிலான் முறை நம் நாட்டுக்கும் கப்பலேறி வந்தது. வங்காளப் போலீஸ் எடுத்துக்கொண்டது. அளப்பவர் கைக்கு ஏற்ப அளவு மாறுகிறது என்று கண்டு, 1897ல் கைரேகைக்கு மாறியது. சென்னையிலே அருங்காட்சியகத் தலைவர் தர்ஸ்டன், போலீசாருக்கு அளவெடுக்கக் கற்பித்தார். சாதி சாதியாக நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து தள்ளினார். ரிஸ்லி என்ற மற்றொரு வெள்ளை அதிகாரியோ, மூக்கின் அகலத்தைக் கொண்டு சாதியின் உயர்வு தாழ்வையே அளந்துவிடலாம் என்றார். அளவுகோல் செய்த குற்றமல்ல அது. பிடித்த கை செய்த குற்றம். நம் மக்களை அளந்தார்கள், நமக்காக அளக்கவில்லை.

கைரேகையின் எழுச்சியைப் பெர்ட்டிலான் முழுமனத்தோடு வரவேற்கவில்லை. ஆனாலும் 1902ல் கைரேகையைக் கொண்டே ஒரு கொலைகாரனைக் கண்டுபிடித்தார். 1911ல் மோனாலிசா ஓவியம் களவு போனபோது கண்ணாடியில் ரேகை கிடைத்தது. திருடனின் சீட்டும் அவர் அலுவலகத்திலேயே கிடந்தது. ஆனால் சீட்டுகள் அளவுப்படி அடுக்கப்பட்டவை. ரேகையைக் கொண்டு தேட வழியில்லை! 1914 பிப்ரவரியில் பெர்ட்டிலான் மறைந்தார்.

லியோன் முழக்கோலைத் திருத்தியவர் ஓர் அம்மையார். அமெரிக்காவின் மில்ட்ரெட் டிராட்டர் 1948ல் ஹவாய்த் தீவுக்குச் சென்று, போரில் மாண்ட சிப்பாய்களின் எலும்புகளை அளந்தார். உயிரோடு இருந்தபோது எடுத்த உயரம் பட்டாளத்துக் கணக்கில் இருந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் கைகால் விகிதம் வேறு, சூத்திரமும் வேறு என்று 1952ல் க்ளெசருடன் சேர்ந்து காட்டினார். ஒரு மக்களின் சூத்திரத்தை மற்றொரு மக்கள்மீது போட்டால் சில சென்டிமீட்டர் பிசகும். சில சென்டிமீட்டர்தானே என்கிறீர்களா? காணாமற்போனவர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட அது போதும்.

2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை வந்தது. தாய்லாந்திலே பல நாட்டு நிபுணர் கூடி, பல், கைரேகை, மரபணு கொண்டு மாதக்கணக்கில் பெயர் தேடினார்கள். பல் குறிப்பிருந்த ஐரோப்பியர் பலருக்கு விரைவிலே பெயர் கிடைத்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெயர் தெரியாமலே பொதுக்குழியில் போனவர் பலர். நம் மருத்துவக் கல்லூரிகளில் வட்டாரம் வட்டாரமாகக் கையும் காலும் அளந்து சூத்திரம் எழுதுவோர் இருக்கிறார்கள், நல்ல பணி. ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றில் அளக்கப்படுவோர் அதே கல்லூரிகளின் மாணவர்கள். நாகையின் கடற்கரையில் வலை இழுப்பவரின் கையையும், உப்பளத்தில் நிற்பவரின் காலையும் அளக்க யார் போகிறார்கள்?